ரோடு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில்: தூக்குவதா, இடிப்பதா, விற்பதா?

சென்னை மடிப்பாக்கம் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குள் ஏறிப் போக முடியாது, இறங்கித்தான் போக வேண்டும். 1987இல் அப்பா வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டார். "இதுக்கு மேல எதுக்கு சார், வயசான காலத்துல படி ஏறணுமே" என்றாராம் மேஸ்திரி. அப்போது அது மண் ரோடு. அப்புறம் ஜல்லி கொட்டினார்கள், தார் போட்டார்கள், அந்தத் தாரின் மேல் தார் போட்டார்கள், அதன் மேலும் போட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த பிறகு டியூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். கொத்தனார்கள் வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி ஹோஸில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டு நடுவிலும் இன்னொன்றை ஹாலிலும் பிடித்தால் ஐந்து நிமிட வேலை. ஹால் தரை ரோட்டைவிடப் பத்து அங்குலம் கீழே இருந்தது. அதாவது வீடு அதே இடத்தில் நிற்க, முப்பத்தாறு வருடத்தில் ரோடு ஏறக்குறைய மூன்று அடி மேலே போயிருக்கிறது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் அதற்கு முன் ஏறிய மூன்று அடியை அது இறக்கித் தராது.

இதே நிலைமையில் எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டுக்காரர்கள் நான்கு விதமாக முடிவெடுத்தார்கள். முனை வீட்டுக்காரர் உள்ளே தரையை உயர்த்தினார். சித்தப்பா வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார். எதிர்வீட்டு ரிட்டயர்டு சார் பில்டரிடம் கொடுத்தார். நாங்கள் விற்றுவிட்டு வந்தோம். நான்கையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், இடித்துவிட்டு நாமே கட்டுகிற ஐந்தாவது வழியையும் சேர்த்து.

தரையை மட்டும் உயர்த்துவது

இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இதுதான், எனக்குப் பிடிக்காததும் இதுதான். உள்ளே கிராவல் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே காங்கிரீட், டைல்ஸ். இரண்டு அடி உயர்த்தினால் பத்தடி ரூம் எட்டடி ஆகிவிடும். முனை வீட்டில் கல்லூரிக்குப் போகிற பையன் சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினால் ஃபேன் தட்டும். சீலிங்கோடு ஒட்டிய குட்டை ஃபேன் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கதவுகளை அறுத்தார்கள், ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சுவரில் தெரிவதுதான் பெரிய வில்லங்கம். ஈரம் மேலே ஏறாமலிருக்க பேஸ்மட்டத்துக்கு மேல் டிபிசி என்று ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். தரையை உயர்த்தினால் அந்தப் பூச்சு மண்ணுக்கடியில் போய்விடும். அதற்கு மேல் இருக்கிற செங்கல் நேரடியாக ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரே வருடத்தில் உப்பு பூத்துப் பெயின்ட் உரியும். முனை வீட்டில் இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாயிற்று. இன்னும் நாலைந்து வருடத்தில் எப்படியும் இடிக்கப் போகிறோம், அதுவரை தண்ணீர் உள்ளே வராமலிருந்தால் சரி என்பவர்களுக்கு இது போதும்.

ஜாக்கி வைத்துத் தூக்குவது

இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், வீடியோவில் பார்த்துவிட்டு. சித்தப்பா வீடு ஆயிரம் சதுர அடி. ஹரியானாவிலிருந்து வந்த ஆட்கள்தான் செய்தார்கள். சுவரின் இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி, பேஸ்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கலை உடைத்து, இரும்பு சேனல் நுழைத்து, அடியில் ஜாக்கி. ஒரு ஜாக்கி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த ஓட்டை. இப்படி வீடு முழுக்க நூற்றெண்பது ஜாக்கி. அப்புறம் ஒருவர் விசில் அடிப்பார். ஆளுக்குப் பத்து ஜாக்கி என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒவ்வொன்றையும் கால் சுற்று சுற்றுவார்கள். முடித்ததும் அடுத்த விசில். வெளியே நின்று பார்த்தால் எதுவும் நகர்வதாகவே தெரியாது. சித்தப்பா காம்பவுண்டு சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்துத் தினமும் சாயங்காலம் அளப்பார். மூன்று அடி வந்ததும் ஜாக்கிகளுக்கு இடையில் செங்கல் கட்டி, ஒவ்வொரு ஜாக்கியாக உருவினார்கள்.

சுவர் முழுதாக மேலே போவதால் டிபிசியும் கூடவே போகிறது, ரூம் உயரம் குறைவதில்லை. உப்புத் தொல்லை இல்லாததற்கு இதுதான் காரணம். தரையை உயர்த்துவதைவிட இது பல மடங்கு மேல்.

பணக் கணக்கில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். சித்தப்பாவிடம் சதுர அடிக்கு 350 ரூபாய் பேசினார்கள். மூன்றரை லட்சத்தில் வீடு உயர்ந்துவிடும் என்று அவர் சந்தோஷப்பட்டார். அது தூக்குகிற கூலி மட்டும்தான். வீடு தூக்கியபோது பழைய தரை கீழேயே தங்கிவிட்டது. உள்ளே மூன்று அடிக்குக் கிராவல், புதுத் தரை, வாசல் படி, பின்பக்கப் படி, பாத்ரூம் பைப் முழுவதும் புதிதாக, சம்ப்பின் வாயை உயர்த்துவது, செப்டிக் டேங்க் லைன், கேட், காம்பவுண்டு. கடைசியில் பதினொரு லட்சத்தைத் தாண்டியது. மூன்று மாதம் என்று வாடகைக்குப் போனவர் ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பினார். ஒப்பந்தம் போடும்போது 'தூக்குவது' என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடக்கம் என்று வரிவரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரிசல் வந்தால் யார் பூசித் தருவது என்பதும் அதில் இருக்கட்டும். ஜன்னல் மூலையில் லிண்டலிலிருந்து, அதாவது ஜன்னலுக்கு மேலே போடுகிற காங்கிரீட் பட்டையிலிருந்து, சாய்வாக ஒரு விரிசல் அநேகமாக வந்தே தீரும்.

எந்த வீட்டைத் தூக்கலாம்? ஒரு சிலம்பக் கம்போ துடைப்பக் கட்டையோ எடுத்து ரூஃபை அடியிலிருந்து ஒவ்வோர் அடிக்கும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. டொப்பென்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சன்ஷேடுகளில் கம்பி வெளியே தெரிகிறதா பாருங்கள். ரூஃப் போன வீட்டைத் தூக்குவது, பல் ஆடுகிறவருக்குத் தங்கப்பல் கட்டுவது மாதிரி. கம்பைத் தட்டிப் பார்த்ததோடு நிற்காமல் தூக்குகிற கம்பெனியோடு சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தப் பீஸ் வீண் போகாது.

சித்தப்பா வீடு 2004இல் கட்டியது, ரூஃப் கெட்டி, அவர் இன்னும் இருபது வருடம் அங்கேயே இருக்கப் போகிறவர். அவருக்கு இது சரியான முடிவு. எங்கள் வீட்டு ரூஃபில் மூன்று இடத்தில் டொப்பென்றது.

இடித்துவிட்டு நாமே கட்டுவது

கையில் பணமும், ஒரு வருடம் சைட்டில் நிற்க ஆளும் இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் சொல்வேன். நல்ல தரத்தில் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் சதுர அடிக்கு 2,500 ரூபாய்க்குக் குறைந்து யாரும் பேசவில்லை. ஆயிரத்து ஐந்நூறு சதுர அடிக்கு முப்பத்தேழரை லட்சம், அப்புறம் நிச்சயம் விட்டுப்போன செலவுகள். இடிக்கிற செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தேக்கு நிலை, கதவு, பழைய கம்பிக்காகவே இடிக்கிறவர்கள் பேரம் பேசுவார்கள். செங்கல் உடைசலை அவர்களிடம் விடாமல் சைட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்குவது முன்னைவிடச் சுலபம். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். ஒரு கிரவுண்டுக்காரர்கள், அதாவது 2,400 சதுர அடி, அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்தவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. உங்கள் சர்வே நம்பர் எதற்குள் வருகிறது, இன்றைய நிலை என்ன என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவில் கேட்காமல் இடிக்கிற ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நிற்கிற பழைய வீட்டையும் இடித்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருப்பதைப் போல ஒரு தலைவலி கிடையாது.

பில்டரிடம் கொடுப்பது

கைக்காசு போடாமல் புது வீடு. கேட்க இனிப்பாக இருக்கும். எதிர்வீட்டு சாருக்கு ஐம்பதுக்கு ஐம்பது. கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு ஃபிளாட், அவருக்கு இரண்டு. ஒன்றில் குடியிருக்கலாம், ஒன்றை வாடகைக்கு விடலாம்.

அவர் கவனிக்காத ஒன்று. பில்டர் என்றாலே ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்துவிட்டார். மனை 500 சதுர மீட்டருக்குள்ளும், ஃபிளாட்டுகள் எட்டுக்குள்ளும் இருந்தால் ரெரா பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். தெருவுக்குத் தெரு முளைக்கிற இந்த நான்கு வீட்டு, ஆறு வீட்டு ஜாயின்ட் வென்ச்சர்கள் ரெரா பதிவுக்குள் வருவதே இல்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதுவதுதான் உங்களுக்குச் சட்டம். எந்தத் தேதிக்குள் முடிப்பது, தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை நம் வாடகையை யார் கொடுப்பது, டைல்ஸ் முதல் சுவிட்ச் வரை என்ன பிராண்ட், நம் இரண்டு ஃபிளாட்டையும் ஒப்படைப்பதற்கு முன் பில்டர் தன் பங்கை விற்கலாமா கூடாதா. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நாலா பக்கமும் விற்றுவிடுவார், நாம் பாதிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்வீட்டில் பதினைந்து மாதம் என்றது இருபத்தெட்டு மாதம் ஆனது. வாடகையைக் கடைசி ஒரு வருடம் சார்தான் கட்டினார்.

வரியில் ஓர் அனுகூலம் உண்டு. பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், தனிநபருக்கு மூலதன ஆதாய வரி ஒப்பந்தம் போட்ட வருடத்தில் வராது; கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைத்த வருடத்தில்தான் வரும். ஆனால் அதற்கு முன்பே நம் பங்கை யாருக்காவது எழுதிக்கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். அப்புறம் இன்னொன்று, முழு கிரவுண்டுக்கும் சொந்தக்காரராக இருந்தவர் இனிமேல் மண்ணில் பாதிப் பிரிபடாத பங்குக்குத்தான் சொந்தக்காரர். மொட்டைமாடியில் வடாம் காயப்போடக்கூட அசோசியேஷனில் பேச வேண்டும். சாரின் மனைவி இதைத்தான் அதிகம் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்.

விற்பது

நாங்கள் 2019இல் நான்கு லட்சம் செலவு செய்து மாடுலர் கிச்சன் போட்டிருந்தோம், பாத்ரூமை மாற்றியிருந்தோம். விற்கும்போது இதெல்லாம் விலையில் வரும் என்று நினைத்தோம். வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று டேப் பிடித்து முன்பக்க அகலத்தை அளந்தார், தெருவின் அகலத்தை அளந்தார், பட்டாவைப் பார்த்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்து, "உள்ளே வந்து பாருங்களேன்" என்றார். "பரவாயில்லம்மா, எப்படியும் இடிக்கத்தானே போறோம்" என்றார் அவர். அந்த நான்கு லட்சத்தின் கதை அவ்வளவுதான்.

சென்னையில் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட தனி வீடு என்றால் விலை மண்ணுக்குத்தான். விற்கிற எண்ணம் இருந்தால் பெயின்ட் அடித்து, தண்ணீர் ஒழுகுகிற இடத்தை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காசை வீட்டுப் பத்திரங்களைச் சரிசெய்வதில் போடுங்கள். எங்களுக்கு அதில்தான் ஏழு மாதம் போனது. அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், கோவையிலிருக்கும் அக்காவின் கையெழுத்து. மூலப்பத்திரத்தில் ஒரு சர்வே உட்பிரிவு எண் தப்பாக இருந்து, அதற்கு ஒரு பிழைதிருத்தல் பத்திரம். வில்லங்கச் சான்றிதழை ஆன்லைனிலேயே எடுக்கலாம். வாங்குகிறவரின் வக்கீல் எடுப்பதற்கு முன் நீங்கள் எடுத்துப் பாருங்கள். அவர் கண்டுபிடித்தால் விலை குறையும், நீங்கள் கண்டுபிடித்தால் சரிசெய்துகொள்ளலாம்.

வரிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 நிலவரப்படியான மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 10 லட்சம், விற்பது ஒன்றரைக் கோடி என்று வையுங்கள். பழைய முறையில் பணவீக்கக் குறியீட்டால் பெருக்கினால் 2025-26க்கு 37.6 லட்சம், மீதி 112.4 லட்சத்துக்கு 20 சதவீதம், ஏறக்குறைய இருபத்திரண்டரை லட்சம். 2024 ஜூலையில் வந்த புது முறையில் பெருக்கல் கிடையாது. 140 லட்சத்துக்கு 12.5 சதவீதம், பதினேழரை லட்சம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்கு இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். செஸ், சர்சார்ஜ் தனி. வாரிசுகள் மூன்று பேர் என்றால் ஆதாயமும் மூன்றாகப் பிரியும், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்த ஆதாயத்தில் இன்னொரு வீடு வாங்கினால் வரி இல்லை. விற்றதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்க வேண்டும், கட்டுவதென்றால் மூன்று வருடம். அதற்குள் ரிட்டர்ன் போடுகிற நாள் வந்துவிட்டால், செலவழிக்காத ஆதாயத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாக ஒன்று திறந்து அதில் போட்டுவைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சலுகை போச்சு. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை இங்கே எழுதவில்லை. அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்று வருகிற பணம் அப்படியே புது வீடாக மாறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். தொண்ணூறு லட்சத்துக்கு அதுவே எட்டு லட்சத்துப் பத்தாயிரம். புரோக்கர் கமிஷன் விற்கும்போது ஒரு தரம், வாங்கும்போது ஒரு தரம். அதற்கு மேல் வீடு மாற்றுகிற செலவு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள் என்பதால் அப்போது வண்டி கிடைப்பது சுலபம், பேரமும் படியும். ஆனால் அம்மா இருக்கிற வீட்டில் அந்த லாபத்தைப் பற்றிப் பேச முடியுமா? ஆவணியில்தான் பால் காய்ச்சினோம். ஆட்டுக்கல்லை ஏற்ற மட்டும் லோடு ஆட்கள் தனியாக ஐந்நூறு வாங்கினார்கள்.

எங்களை விற்க வைத்தது பணக் கணக்கு அல்ல. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. 2015இலும் 2023இலும் பாத்ரூம் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வந்தபோது அவர் தனியாகத்தான் இருந்தார். வீட்டை உயர்த்தினாலும் தெரு உயராது. பால்காரர் வர முடியாது, ஆட்டோ வராது, கரண்ட் மூன்று நாள் இருக்காது. அந்தத் தெருவில் இனி வாழப் போகிறவர் யார், அவருக்கு என்ன வயது என்ற கேள்வி எங்களுக்குச் சதுர அடிக் கணக்கைவிடப் பெரிதாக இருந்தது. அக்காவும் நானும் அங்கே திரும்பப் போவதில்லை என்று தெரிந்த பிறகு தூக்குவதற்கும் கட்டுவதற்கும் பொருளில்லாமல் போனது.

வாங்குகிற வீட்டை மட்டும் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். மூன்றாவது மாடி என்றாலும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் போர்டும் ஈபி பேனலும் கீழ்த்தளத்தில்தானே இருக்கின்றன. சுவரில் அவை எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன, பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டு மேலே மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தால் புரோக்கர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும். நாங்கள் பார்த்த ஒரு ஃபிளாட் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நல்ல வெளிச்சம், பக்கத்தில் பிள்ளையார் கோயில். கிளம்பும்போது சும்மா வாட்ச்மேனிடம், "இங்கெல்லாம் தண்ணி வருமா?" என்று கேட்டேன்.

"சேச்சே, இங்க வராது சார்" என்றார். பார்க்கிங் தூணில் நெஞ்சு உயரத்தில் இருந்த ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். "வந்தாலும் இதுக்கு மேல வராது."

அம்மா ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.